நாங்க மூணு ஆளுங்க

போன மாதம் மாமல்லபுரத்தில் எடுத்த ஒரு படத்தை முகநூலில் போட்டிருந்தேன். மகள் கையில் பாதி ஐஸ், முகத்தில் மீதி ஐஸ். அதைப் பார்த்துவிட்டு ஓர் இளம் தோழர் உள்பெட்டிக்கு வந்தார். "தோழர், நாட்டுல இவ்வளவு நடக்குது. இந்த நேரத்துல ஊர் சுத்துற படமெல்லாம் தேவையா?" கோபமாகக் கேட்கவில்லை, உரிமையோடுதான் கேட்டார். ஆனால் அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே நீளமாகவே எழுதுகிறேன். படிப்பவர்களில் மாணவர்கள் அதிகம். அதனால் நடுவில் கொஞ்சம் சட்டமும் வரலாறும் வரும். மகளின் சேட்டையும் வரும்.

இயக்க வேலை செய்கிறவர்கள் வீட்டில் 'வெளியே போறோம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஆர்ப்பாட்டம், கலெக்டர் ஆபீசில் மனு, உண்மை அறியும் குழு, அரசு மருத்துவமனை வாசலில் காத்திருப்பு. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இதில் பாதியைப் பார்த்துவிட்டாள். "குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" என்று என் இணையரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. என்னைக் கேட்காத கூட்டம் இல்லை. அதனால் தூக்கிக்கொண்டே போனேன்.

அதன் விளைவு வீட்டில் தெரியும். மற்ற பிள்ளைகள் பொம்மைகளுக்குச் சோறு ஊட்டுவார்கள். என் மகள் வரிசையாக உட்கார வைத்துக் கூட்டம் போடுவாள். கரண்டிதான் மைக். "ஜெய்பீம்! எல்லாரும் முன்னாடி வந்து உக்காருங்க. அடுத்ததா தோழர் கரடி பேசுவார்." கரடி பேசத் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் தலைமையிடமிருந்து துண்டுச்சீட்டு போகும். "நேரமின்மை காரணமா தோழர் சீக்கிரம் முடிச்சுக்கணும்." நம் மேடைகளில் யாரும் மதிக்காத அந்தத் துண்டுச்சீட்டைக் கரடி மட்டும் மதிக்கும்.

அவளுக்கு ஆறு வயதாகிறது. முதல் வகுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு எந்தக் கூட்டமும் வைத்துக்கொள்வதில்லை என்று நானும் இணையரும் முடிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு ஞாயிறு அவளுடையது.

எங்களிடம் வண்டி இல்லை. டவுன் பஸ், மின்சார ரயில், அவ்வளவுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்களைப் போன்ற வீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் அது பெரிய விஷயம். மகளின் கணக்கு வேறு. கண்டக்டர் எனக்கும் அவளுக்கும் காசில்லாத டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவள் அப்பாவிடம் மட்டும் காசு வாங்குவதை மூன்று தடவை உற்றுப் பார்த்தாள். நான்காவது தடவை என் காதைப் பிடித்து இழுத்து, பஸ் முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னாள். "அப்பா பாவம்மா. ஒரு நாள் அவருக்கும் ரெட்டை ஜடை போட்டுக் கூட்டிட்டு வரலாமா?" கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது இணையரின் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "கஷ்டம் பாப்பா, முடி பத்தாது" என்றார்.

மெரினாவுக்குப் போன முதல் நாள், பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயில் மாறினோம். அந்தப் பெயரை நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஏறியதிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். ஒரு ஸ்டேஷன் போனது.

"எப்பம்மா பறக்கும்?"

"பாலத்து மேல போகுது பாரு. அதுதான் பறக்கிறது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பஸ்ஸும்தான் பாலத்து மேல போகுது. அது ஏன் பறக்கும் பஸ் இல்ல?"

எதிரில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் இந்தக் கேள்வியைச் சேப்பாக்கம் வரை விவாதித்தார்கள். முடிவு எட்டப்படவில்லை.

கடற்கரையில் ராட்டினத்தைப் பார்த்ததும் கூட்டத்தில் கற்றதெல்லாம் வெளியே வந்தது. கையை முஷ்டியாக உயர்த்தி, "வேண்டும் வேண்டும், ராட்டினம் வேண்டும்!" பக்கத்தில் சுண்டல் விற்ற அக்கா சிரிப்பில் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார். இணையர் பேச்சுவார்த்தைக்குப் போனார். ஒரு சுற்றுதான் என்றார். "அப்ப போராட்டம் தொடரும்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு சுற்றுக்கு ஒப்பந்தமானது.

சேப்பாக்கத்திலிருந்து நடந்தால் உழைப்பாளர் சிலை வரும். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்த்துத் தள்ளும் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தது. இந்த நகரத்துக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் 1923இல் மே நாள் கொண்டாடினார் என்பதையெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. முதல் தடவை பேசாமல் பார்த்தாள். நான்கு மாதம் கழித்து இரண்டாவது தடவை போனபோது இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"அம்மா, போன தடவையும் இதே எடத்துலதான் தள்ளிக்கிட்டு இருந்தாங்க."

"ஆமாண்டி."

"இன்னும் கொஞ்சம்கூட நகரல. இந்த மாமாங்களுக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாதா?"

போன மாதம் மாமல்லபுரம் போனோமே, அதன் கதை இதன் தொடர்ச்சி. அங்கே சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கையால் தள்ளுவது போலவும் தாங்குவது போலவும் படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றும் ஒரு கூட்டம் முட்டுக்கொடுத்து நின்றது. என் மகள் தூரத்திலிருந்தே கத்தினாள். "அம்மா! கல்லு இங்க வந்துருச்சு!" ஓடிப்போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அந்த நாலு மாமா எங்க?" இணையர் சொன்னார். "தள்ளி முடிச்சிட்டாங்கல்ல, சாப்பிடப் போயிருப்பாங்க." அவளுக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில் கேட்டதுதான் முகநூலில் நீங்கள் பார்த்த ஐஸ்.

வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் ஒரு பலகை உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கண்ணில் படும் எல்லாப் பலகையையும் படித்தாக வேண்டும். படித்து முடித்து, "யாருக்கு லீவு?" என்றாள். எல்லாருக்கும்தான் என்றேன். "சிங்கத்துக்கும் லீவுன்னா அன்னிக்குத் திறந்து விட்டுடுவாங்களா? எங்கயாவது போயிட்டு வருமா?" இல்லை, அன்றைக்கும் உள்ளேதான் இருக்கும் என்றேன். அப்புறம் அதற்குப் பேர் என்ன லீவு என்று நீர்யானை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் மதுராந்தகம் பக்கம் என் அம்மா ஊருக்குப் பஸ்ஸில் போனோம். வழியில் ஒரு கூட்டு ரோட்டில் பஸ் நின்றது. அங்கே அண்ணல் சிலை. நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். சுற்றிலும் மேலேயும் இரும்புக் கம்பி, பூட்டு. நம் மாநிலத்தில் நீங்கள் பார்க்காத காட்சி இல்லை. சிலையை உடைப்பவர்களைத் தடுக்க முடியாத அரசு சிலையைப் பூட்டி வைத்திருக்கிறது. நமக்குக் கண் பழகிவிட்டது. அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

"அம்மா, அம்பேத்கர் தாத்தாவுக்கு எந்தக் கிழமை லீவு?"

முன் சீட்டில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு திரும்பிச் சிலையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

யாராவது கல்லெறிந்துவிடுவார்கள் என்றுதான் கம்பி போட்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது போல. யோசிக்காமல் தீர்ப்புச் சொன்னாள். "எறிஞ்சவங்களை அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லணும்." பத்து வருடமாக எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான கோரிக்கையை வைத்ததில்லை.

இனி தலைப்புக்கு வருகிறேன். செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஒரு ஞாயிறு மாலை, கூட்டம் குறைவு. எதிர் சீட்டில் ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும். நல்லவர்தான். மகளுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். இந்த விசாரணையின் படிக்கட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? அப்பா பேரு என்ன? கீழ்ப்படியில் கிடைக்காத பதிலுக்காக மேல்படி ஏறிக்கொண்டே போவார்கள்.

நான் இதற்கு ஒளிவதில்லை. நேராகச் சொல்லிவிடுவேன். சொன்னதும் எதிரில் இருக்கும் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். ஆனால் அன்று கேள்விகள் எல்லாம் மகளை நோக்கி வந்தன, அவளும் என்னை முந்திக்கொண்டே இருந்தாள். எந்தத் தெரு என்றதற்கு, "எங்க தெருவுல மூணு நாய் இருக்கு பாட்டி. கருப்பன், வெள்ளச்சி, மணி. மணி மட்டும் கடிக்கும்." ஊருல எந்தப் பக்கம் என்றதற்கு, "பஸ் போற பக்கம்." அப்பா பேரைக் கேட்டதற்கு, "அப்பா." அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசிப் படிக்கு வந்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"நீங்க என்ன ஆளுங்கம்மா?"

மகள் கொய்யாவை வாயிலிருந்து எடுத்தாள். என்னையும் அவள் அப்பாவையும் விரல் நீட்டி எண்ணினாள். தன்னையும் எண்ணினாள்.

"நாங்க மூணு ஆளுங்க பாட்டி."

பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். அதற்குமேல் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. தாம்பரம் வந்ததும் மகளின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பதில் தெரிந்திருந்தால் தொட்டிருப்பாரா என்று நானும் இணையரும் பேசிக்கொள்ளவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தோம்.

இரவு அவள் தூங்கிய பிறகு இணையர் சொன்னார். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பதில் வரும்?"

எனக்கு அது எப்போது புரிந்தது என்று யோசித்தேன். எனக்கு ஐந்து வயதிருக்கும். எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சேரிக்கு வர வேண்டுமென்றால் ஊர்த்தெரு வழியாகத்தான் வர வேண்டும். தெருமுனை வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி முந்தானையில் சுற்றி இடுக்கிக்கொள்வார். தெரு முடிந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். அந்தத் தெருவில் மண் மெத்தென்று இருக்கும் போல, அதனால்தான் என்று நினைத்தேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் வெயிலில் கால் சுட்டு, "நான் போட்டுக்கிட்டு வர்றேம்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினார். அன்று புரிந்தது.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கோழியாளம் தூரமில்லை. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லாருக்கும் உரியது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற வைத்தவர் அவர். அவர் பிறந்த மதுராந்தகம் பகுதியில், அதற்கு அறுபது வருடம் கழித்தும் என் அம்மா செருப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

மகளுக்கு மூன்று வயதானபோது நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் செருப்பு வாங்கிக் கேட்டாள். அதை மாட்டிக்கொண்டுதான் ஊருக்கு வந்தாள். அம்மா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டார். இப்போது அம்மாவும் செருப்பைக் கழற்றுவதில்லை, ஆனால் அந்தத் தெருவில் சத்தம் வராமல் நடக்கும் பழக்கம் காலில் தங்கிவிட்டது. பக்கத்தில் பேத்தி கீச், கீச், கீச். சத்தம் பிடித்துப்போய்க் குதித்துக் குதித்து நடந்தாள். ஒரு திண்ணையிலிருந்து பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். "அந்தச் செருப்பைக் கழட்டச் சொல்லு. காதைக் குடையுது."

சத்தத்துக்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் அப்படித்தான், எதுவென்று கையைப் பிடித்துக் காட்ட முடியாத மாதிரிதான் வரும். நான் திரும்புவதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டார்.

"கழட்டினா அழுவா."

அந்த வாக்கியத்தின் கடைசியில் வழக்கமாக ஒரு 'சாமி' இருக்கும். அன்று இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பேத்தியிடம் கேட்டார். "ஆயா கூட இன்னொரு தடவை போயிட்டு வர்றியா? கடையில முட்டாய் வாங்கித் தர்றேன்." இரண்டு பேரும் மறுபடியும் அந்தத் தெருவில் போய்விட்டு வந்தார்கள். போகும்போது கேட்ட கீச் சத்தம் வரும்போதும் கேட்டது.

இப்போது அந்த இளம் தோழருக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் படியுங்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் இவற்றுக்குள் போவதிலும், கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது மக்கள் கூடும் இடங்களைப் பயன்படுத்துவதிலும் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒருமுறை குழந்தையோடு வெளியே போகும் மனநிலையில் படித்துப் பாருங்கள். குழாயடி, டீக்கடை, சாலை மட்டும் அதில் இல்லை. வேடிக்கை பார்க்கும் இடமும் இருக்கிறது. வேலைக்குப் போகும் உரிமை போலவே சும்மா போய் நின்று கடலைப் பார்க்கும் உரிமையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ராட்டினம் அதில் வரும். ஐஸும் வரும்.

போராட்ட காலத்தில் இது தேவையா என்று கேட்டீர்கள். 1934இல் அண்ணல் தன் இயக்கத் தோழர்களோடு சுற்றுலா போனார். எல்லோராக் குகைகளைப் பார்க்க வேண்டும் என்று தோழர்கள் ஆசைப்பட்டார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த குளத்தில், பயணத் தூசி போக முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு காவலனோடு கோட்டையைச் சுற்றிப் பார்க்க அனுப்பினார்கள். மகத் குளத்தில் தண்ணீர் எடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வட்டமேசை மாநாடுகள் முடிந்திருந்தன. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவர்கள் சுற்றிப் பார்க்கப் போனார்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு நாம் மனு எழுதும் இடங்களை மட்டும் காட்டினால் போதாது. எதற்காக மனு எழுதுகிறோமோ அந்த இடங்களையும் காட்ட வேண்டும்.

மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்ற கேள்வி மட்டும் மீதி இருந்தது. ரயிலில் யாரோ முகம் மாறுவதைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ள வேண்டாம், எங்கள் வாயால்தான் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தோம். போன வாரம் கதையாகச் சொன்னேன். 1901. பீம் என்று ஒரு பையன், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவன். அவன், அண்ணன், அக்கா பிள்ளைகள், எல்லாரும் கோரேகானில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார்கள். புதுச் சட்டை, ஜிகினாத் தொப்பி, புது செருப்பு. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக யாரும் வரவில்லை. இவர்கள் என்ன ஆளுங்க என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒருவர் இரண்டு மடங்கு கூலிக்கு ஒத்துக்கொள்கிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவாராம். கட்டுச்சோறு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாப்பிடாமலே இரவைக் கழிக்கிறார்கள்.

பிள்ளைகளே வண்டி ஓட்டினார்கள் என்றதும் கண் விரிந்தது. மாட்டுக்குப் பேர் என்ன என்று கேட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் தண்ணி தரல?"

"நம்ம ஆளுங்கன்னு தரல."

"நாம மூணு பேரா?"

"நாம மூணு பேரு, ஆயா, பெரியம்மா, மாமா, நம்ம தெரு. இன்னும் நெறைய பேரு."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பத்து விரலும் தீர்ந்துபோனது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "அவங்க அம்மா பாட்டில்ல தண்ணி குடுத்து அனுப்பலையா?" பீமுக்கு அப்போது அம்மா இல்லை என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு வேடந்தாங்கல் போகிறோம். பறவைகள் வந்திருக்கும் பருவம். சனிக்கிழமை இரவே மகள் பையை எடுத்து வைத்துவிட்டாள். பிஸ்கட், தொப்பி, தோழர் கரடி. தண்ணீர் பாட்டில் நான்கு. மூன்று பேருக்கு எதற்கடி நான்கு, யார் தூக்குவது என்றேன்.

"அப்பா தூக்குவாரு. யாராவது கேட்டா குடுக்கணும்ல?"